முதலில் மன்னிப்பு, பிறகு துணிவு

எகிப்தின் மணலுக்கடியில் கிடைத்த ஒரு பழைய சீட்டைப் பற்றி முதலில் சொல்கிறேன். பாப்பிரஸ் தாளில் கிரேக்க மொழியில் எழுதிய விண்ணப்பம் அது. தேதி, கி.பி. 250ஆம் ஆண்டு ஜூன் 26. மனு கொடுத்தவர் டயோஜெனஸ் என்ற முதியவர். வயது 72, வலது புருவத்தில் வடு என்று அடையாளமும் எழுதியிருக்கிறது. நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்தவன், இப்போதும் உங்கள் கண்முன்னே பலியிட்டேன், படைத்ததை உண்டேன், இதற்குச் சான்று தாருங்கள் என்று அதிகாரிகளைக் கேட்கிறார். இதுபோன்ற சீட்டுகள் நாற்பதுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. ரோமப் பேரரசர் டெசியஸ், நாட்டு மக்கள் அனைவரும் பலியிட்டுச் சான்று பெறவேண்டும் என்று ஆணையிட்ட காலம் அது. ஆகவே இந்த முதியவர் கிறிஸ்தவரா இல்லையா என்று சீட்டை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்கள் பயந்துபோய் இத்தகைய சீட்டோடு வீடு திரும்பினார்கள் என்பது உறுதி. கடவுளை நம்பி வாழ்ந்தவன் பயத்தால் விழுந்துவிட்டால் அவனுடைய நம்பிக்கை என்னவாகிறது? இன்று நாம் யோசிக்கப் போவது அதைத்தான்.

வட ஆப்பிரிக்காவில், இன்றைய துனிசியாவில், கார்த்தேஜ் என்ற பெருநகரம் இருந்தது. அங்கே சபையின் ஆயராக இருந்தவர் சிப்பிரியான். அந்த நாட்களை அவர் எழுதிவைத்திருக்கிறார். சிறைபிடிக்கும் முன்னரே மக்கள் பலிபீடத்துக்கு ஓடினார்களாம். பொழுது சாய்ந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்று அதிகாரிகள் சொன்னபோதும், இன்றைக்கே முடித்துவிடுங்கள் என்று கெஞ்சியவர்கள் உண்டாம். கொலைகாரர்களோ துரோகிகளோ அல்ல, ஞாயிறுதோறும் ஜெபித்துப் பாடிய சாதாரணக் குடும்பத்தார் அவர்கள். சிலர் பலியிட்டார்கள், சிலர் சாம்பிராணி மட்டும் போட்டார்கள், கையில் பணம் இருந்தவர்கள் பலியிடாமலே சீட்டை விலைக்கு வாங்கினார்கள். சிப்பிரியானும் ஊரில் இல்லை. அவர் தலைமறைவாக இருந்து கடிதங்களின் வழியே சபையை நடத்தினார். ரோம் சபையின் ஆயர் ஃபேபியன் அதே ஆண்டு ஜனவரியில் உயிரைக் கொடுத்திருந்தார். அந்தச் சாவுக்குப் பக்கத்தில் சிப்பிரியான் ஒளிந்திருந்ததைச் சிலர் வைத்துப் பார்த்ததில் வியப்பில்லை.

புயல் ஓய்ந்ததும் விழுந்தவர்கள் அழுதுகொண்டு சபையின் வாசலுக்கு வந்தார்கள். ரோமில் நோவாசியன் என்ற மூப்பர், இவர்களுக்குக் கடவுள் மன்னிப்பு அருளலாம், ஆனால் சபை இவர்களைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்று நின்றார். அவருடைய வாதம் லேசானதன்று. சித்திரவதையில் உயிர்விட்டவனின் மனைவியும் பயந்து சாம்பிராணி போட்டவனும் ஒரே திருவிருந்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், அவளுடைய கண்ணீருக்கு என்ன மதிப்பு? கி.பி. 251இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் இந்தக் கேள்வியைத் தள்ளிவிடவில்லை. சீட்டு மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்க்கலாம், பலியிட்டவர்களோ மனம் வருந்திக் காத்திருக்க வேண்டும், சாகும் தறுவாயில் மட்டும் அவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மறுபடியும் துன்புறுத்தல் வரும் என்ற அச்சம் எழுந்தது. இப்போது இன்னும் கண்டிப்பாக இருக்கவேண்டும் என்றுதானே நமக்குத் தோன்றும்? அவர்கள் செய்தது நேர்மாறு. மனம் வருந்தும் எல்லாரையும் உடனே சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். கிறிஸ்துவுக்காக இரத்தம் சிந்தச் சொல்லி இவர்களைப் போருக்கு அனுப்பப் போகிறோம், அவருடைய இரத்தத்தின் பாத்திரத்தை இவர்களுக்கு மறுத்துவிட்டு எப்படி அனுப்புவது என்பதே அவர்கள் சொன்ன காரணம்.

இந்த ஒரு காரணத்தில் கிறிஸ்தவ விசுவாசத்தின் அடிப்படையே இருக்கிறது என்று நினைக்கிறேன். நாம் வழக்கமாக எண்ணுவது வேறு. முதலில் திருந்தவேண்டும், பலப்படவேண்டும், அதன்பிறகு கடவுள் முகத்தில் விழிக்கலாம் என்று எண்ணுகிறோம். அந்த ஆயர்கள் மன்னிப்பை முன்னால் வைத்தார்கள், துணிவு அதிலிருந்து வரட்டும் என்றார்கள். அதை அவர்கள் பேதுருவின் கதையிலேயே கற்றிருக்கலாம். சீடனான பேதுரு, தன்னைத் தெரியாது என்று மும்முறை மறுதலித்து விழப்போகிறான் என்று இயேசுவுக்கு முன்பே தெரியும். ஆனால் லூக்கா எழுதிய நற்செய்தியைக் கவனித்துப் படியுங்கள். அவன் மறுதலிக்காமல் இருக்கவேண்டும் என்று இயேசு வேண்டிக்கொண்டதாக அங்கே இல்லை. அவனுடைய விசுவாசம் அற்றுப்போகக் கூடாது என்றுதான் வேண்டியிருக்கிறார். அப்படியானால் விழுவது வேறு, விசுவாசம் அற்றுப்போவது வேறு. யோவானின் நற்செய்தியிலும் ஒரு நுட்பம் உண்டு. பேதுரு குளிர்காய்ந்தபடி இயேசுவை மறுதலித்த இடத்தில் கரிநெருப்பு எரிகிறது. உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் அவனுக்காக மீன் சுட்டு வைத்திருந்த இடத்திலும் கரிநெருப்பு. புதிய ஏற்பாட்டில் அந்தக் கிரேக்கச் சொல் இந்த இரண்டு இடங்களில்தான் வருகிறது. அந்த நெருப்பின் வாடையே பேதுருவுக்குப் பழையதை நினைவூட்டியிருக்கும். இயேசு குற்றத்தை மூடி மறைக்கவில்லை, என்னை நேசிக்கிறாயா என்று மூன்று முறை கேட்கத்தான் செய்தார். ஆனால் கேட்பதற்கு முன் சாப்பாடு போட்டார்.

இப்படி மன்னித்துக்கொண்டே போனால் விசுவாசம் மலிவாகிவிடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வாசலுக்கு வந்தவர்கள் சும்மா வரவில்லை. அழுகையோடும் நோன்போடும் மாதக்கணக்காகக் காத்திருந்தவர்கள் அவர்கள். இன்னொன்று, விழுந்தவன் மறுபடியும் விழத்தான் செய்வான் என்பதும் பொய். கல்டோனியஸ் என்ற ஆயர் சிப்பிரியானுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. பெலிக்ஸ், அவருடைய மனைவி விக்டோரியா, லூசியஸ் ஆகிய மூவரும் முன்பு பலியிட்டவர்கள். இரண்டாம் முறை நெருக்கியபோது மறுத்துவிட்டார்கள், சொத்தை இழந்து நாடுகடத்தப்பட்டார்கள் என்கிறது அக்கடிதம்.

உண்மையான விசுவாசிக்குப் பயமே வராது என்று சொல்வோரும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் கெத்செமனே தோட்டத்தை மறந்துவிட்டார்கள். இயேசுவே அங்கே கலங்கினார். பேதுருவும் மன்னிப்புப் பெற்றபின் பயமற்ற வீரனாகிவிடவில்லை. அந்தியோகியா நகரில் மனிதருக்குப் பயந்து, பிற இனத்தாரோடு உண்ட பந்தியிலிருந்து விலகினான், அப்போஸ்தலர் பவுல் முகத்துக்கு நேரே கண்டித்தார். சிப்பிரியானோ கி.பி. 258 செப்டம்பர் 14 அன்று மரணத் தீர்ப்பைக் கேட்டு, கடவுளுக்கு நன்றி என்று சொல்லி வாளுக்குத் தலை கொடுத்தார். தலை வெட்ட வந்தவனுக்கு 25 பொற்காசு கொடுக்கச் சொன்னார். எட்டு ஆண்டுகளுக்கு முன் மறைந்திருந்த அதே மனிதர்தான்.

நேயர்களே, பயத்தில் ஏதோ செய்துவிட்டு, இனி எந்த முகத்தோடு ஆலயத்துக்குப் போவேன் என்று மாதக்கணக்காக ஒதுங்கியிருப்பவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். பலப்பட்டபிறகு போகலாம் என்று காத்திருக்காதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை, கடைசி வரிசையிலாவது வந்து உட்காருங்கள்.