அடுப்புக் காணாத ஹொப்

வீட்டில் பியர் காய்ச்சுகிறவனை இலக்கியக் கூட்டத்துக்கு ஏன் கூப்பிட்டீர்கள் என்று நானும் யோசித்தேன். ஒரு சொல்லில் மாட்டுப்பட்ட கதையைச் சொல்கிறேன்.

ஹொப் என்பது ஒரு கொடியின் பூ. பியரின் கசப்பும் வாசனையும் அதிலிருந்து வருபவை. நோர்வேஜிய மொழியில் 'தொர்ஹும்லிங்' என்றொரு வேலை உண்டு. 'தொர்' என்றால் காய்ந்த. தமிழில் 'உலர் ஹொப்பிடல்' என்று எழுதினேன். வாசித்த நண்பர், "பூவைப் பியருக்குள்தானே போடுறீர், இதில எது உலர்?" என்றார். நியாயம்தான்.

பார்லி முளையின் இனிப்புச் சாற்றோடு ஹொப்பை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் கசப்பு இறங்கும். வாசனையில் பெரும்பகுதி ஆவியோடு போய்விடும். அதனால் நொதிப்பு அடங்குகிற நேரத்தில், வாசனைக்கென்றே தனியாக, அடுப்புக் காணாத ஹொப்பைப் போடுகிறோம். 20 லீற்றருக்கு நான் 80 கிராம் போடுவேன். சொதியை அடுப்பால் இறக்கிய பிறகு தேசிக்காய் பிழிகிற அம்மாவுக்கு இது விளங்கும். கொதிக்கும்போது பிழிந்தால் கசக்கும் என்பார். அதற்கு அவரிடமும் தனிச்சொல் இல்லை.

ஒருமுறை அவசரப்பட்டுப் போத்தலில் அடைத்தேன். நிலவறையில் மூன்று போத்தல்கள் வெடித்தன. ஹொப்பில் இருக்கும் நொதியம் பியரில் மிஞ்சிய மாச்சத்தைச் சர்க்கரையாக்கும். ஈஸ்ட், அதாவது பள்ளிக்கூடத்தில் நாம் படித்த மதுவம், மறுபடி எழும்பும். பிரவுணும் மொரிஸும் 1893இலேயே இதை எழுதிவிட்டார்கள். நான்தான் வாசிக்கவில்லை.

என் ஈஸ்ட் 'க்வைக்'. வொஸ் பகுதிப் பண்ணை வீடுகளில் மரவளையத்தில் காயவைத்து, தலைமுறையாகக் கைமாற்றியது. 40 பாகைச் சூட்டிலும் வேலை செய்யும். அந்த வீடுகளில் வாசனைக்கு ஜுனிப்பர் கிளைதான். பச்சை ஹொப் போடுவது எங்களைப் போன்ற நகரத்துக்காரர் சேர்த்தது. இதையெல்லாம் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதியவர் லார்ஸ் மாரியுஸ் கார்ஷோல். தொழிலால் கணினித்துறைக்காரர். 2020இல் ஆங்கிலத்திலும் புத்தகம் வந்தது.

அதை வாசித்தபோது எனக்கு முட்டி ஞாபகம் வந்தது. சுண்ணாம்பு தடவினால் கருப்பநீர், தடவாவிட்டால் கள்ளு. பழைய முட்டியில் ஒட்டியிருப்பதும் மதுவம்தான். ஊரில் நாங்கள் கள்ளு வாங்கினோம். பனையேறியவரை முற்றத்துக்கு மேலே வரவிடவில்லை. அவருக்குத் தெரிந்ததை ஒருவரும் கேட்டு எழுதவில்லை.

அப்படி ஏறியவர் ஒருவரின் மகன் இதே ஒஸ்லோவில் இருக்கிறார். போன மாதம் கொப்பியோடு போனேன். தேத்தண்ணி தந்தார். முட்டியைப் பற்றிக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"இதை அப்பா இருக்கேக்க கேட்டிருக்கலாமே" என்றார்.