நிரைகளை எண்ணியபடி உழுத சிறுவன்



வேலை கிடைப்பது ஒன்று. கிடைத்த வேலை நிலைப்பது மற்றொன்று. ஓட்டிசம் என்னும் இயல்போடு பிறந்து வளர்ந்தோருக்கு இவ்விரண்டுமே அரியனவாய் இருக்கின்றன. கணக்கிற் பிழை விடாதவர், நேரந் தவறாதவர், சொன்னதைச் சொன்னபடி செய்பவர் ஒருவர், நேர்முகப் பரீட்சையிலே கேட்பவரின் முகத்தைப் பாராமல் விடையளித்த காரணத்தாலேயே வேலையை இழந்துவிடுகிறார். இது தகுமா என்பதை ஒருவருடைய வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

1933ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலே, ஃபாரஸ்ற் என்னும் சிற்றூரிற் பிறந்தவர் டொனால்ட் ட்ரிப்லெற். 1943இல் வைத்தியர் லியோ கன்னர் ஓட்டிசம் பற்றி வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் 11 பிள்ளைகளை விவரித்தார். அவர்களுள் முதலாமவராகக் குறிக்கப்பட்டவர் இவரே. மூன்று வயதளவில் இவரை ஒரு நிலையத்திலே சேர்த்த பெற்றோர், பின்னர் மனம் பொறாது வீட்டுக்கு மீட்டுக் கொண்டனர். சில காலஞ் சென்றபின் அயலிலே வாழ்ந்த கமக்காரத் தம்பதியரிடம் வளர விட்டனர்.

அக்கமக்காரர் வைத்தியம் படித்தவரல்லர். ஆயினும் அவர் செய்த காரியம் வியக்கத்தக்கது. சிறுவனுக்கு எதையும் அளந்து பார்ப்பதிலே தீராத விருப்பம். அவர் அதனைத் தடுக்கவில்லை. கிணறு தோண்டச் செய்து, அதன் ஆழத்தை அளந்து சொல்லும்படி பணித்தார். சோள நிரைகளை அவன் ஓயாது எண்ணினான். உழுதுகொண்டே எண்ணும்படி விட்டார். பிறர் நோயென்று கருதிய பழக்கம் அவ்வயலிலே தொழிலாயிற்று.

டொனால்ட் கல்லூரிப் படிப்பை முடித்து, 1958இல் தம் ஊர் வங்கியிற் பணிக்கமர்ந்தார். 2023இல், தமது 89ஆவது வயதிற் காலமாகும் வரை, அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வங்கியோடு அவருக்குத் தொடர்பு இருந்தது. அவர் தனித்து வாழ்ந்தார், வாகனம் ஓட்டினார், கோல்ப் ஆடினார், பல தேசங்களுக்கும் பயணஞ் செய்தார்.

"அவ்வங்கி தாய்வழிக் குடும்பத்தோடு தொடர்புடையதன்றோ? எல்லாருக்கும் அப்பேறு வாய்க்குமோ?" என நீங்கள் வினவலாம். நியாயமான வினாவே. அந்த 11 பேரின் பிற்கால வாழ்வைக் கன்னர் ஆராய்ந்து 1971இல் எழுதினார். அரசாங்க மனநோய் நிலையங்களில் விடப்பட்டோர் முன்னிருந்த ஆற்றலையும் இழந்து போயினர். அவர்களும் ஏறக்குறைய ஒரே வயதிலே, ஒரே வைத்தியரைக் கண்ட பிள்ளைகளே. ஒவ்வொருவரின் இயல்பிலும் வேறுபாடுண்டு என்பது உண்மை. ஆயினும் வாழக் கிடைத்த இடமும் பெரியதொரு வேறுபாடாயிற்று. ஆதலால், ஒரு குடும்பம் தன் பிள்ளைக்குச் செய்ததைச் சமுதாயம் எல்லாருக்கும் செய்தல் வேண்டும்.

அது செய்ய இயலாததன்று. 2004இல் டென்மார்க்கிலே தோர்க்கில் சொன்ன என்பவர் தொடங்கிய நிறுவனம், வேலை தேடி வந்தோரைப் பேச்சினால் அளவிடாது, விளையாட்டுக் கட்டைகளால் இயந்திரங்களைச் செய்யவிட்டு அவர்தம் திறமையை அறிந்தது. அவர் ஓட்டிசமுள்ள மகனின் தந்தையாவார்.

வேலை கொடுப்போர் கவனிக்க வேண்டியவை சிலவே. செய்ய வேண்டியதை எழுத்திலே தெளிவாகக் கொடுங்கள். "ஆறுதலாகப் பார்த்துச் செய்" என்னாது, எந்நாளில், எத்தனை மணிக்கு முடிய வேண்டுமெனக் கூறுங்கள். இருக்கும் இடத்தையோ வேலை முறையையோ மாற்றுவதாயின் முன்கூட்டியே அறிவியுங்கள். இரைச்சல் குறைந்த மூலையொன்றை ஒதுக்குங்கள். ஐயமெழுந்தாற் கேட்பதற்குப் பொறுமையுள்ள ஒருவரைக் குறித்துக் காட்டுங்கள். மதிய வேளையிலே கூடிப் பேசாதவரைச் செருக்குடையவர் என எண்ணாதீர்கள்.

ஓட்டிசமுள்ளோர் எல்லாரும் கணக்கிலே வல்லவரல்லர். சிலருக்கு வாழ்நாள் முழுவதும் துணை தேவைப்படும். ஆயினும், ஒருவர் எதை விரும்பி எண்ணுகிறார் என்று பார்த்து, அதற்கேற்ற வயலைக் காட்டுவது நம்மெல்லாருக்கும் இயலும். அதற்குக் கமக்காரரின் கண் போதும்.