சாவியை எடுத்த பிறகு…
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"உனக்குப் பிடிச்ச விஷயத்தைப் பத்திப் பத்து நிமிஷம் பேசு" என்றார் சங்கச் செயலாளர். எனக்குப் பிடித்தவை இரண்டு: பழைய பாட்டு, பழைய கார். என்னுடைய மாருதி 800-இல் ஒரு சின்னக் கணிப்பொறியை வைத்து அதில்தான் பாட்டுக் கேட்கிறேன். அதைப் பற்றியே பேசுகிறேன். "ரெடிமேட் செட்டு கடையிலயே கிடைக்குதே, இதுக்கு எதுக்கு இஞ்சினியர்?" என்று பின்வரிசை நண்பர் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. பதிலைக் கடைசியில் சொல்கிறேன்.

அரூர், பென்னாகரம், பாலக்கோடு என்று நாம் தனியார் பஸ்ஸில் போன காலத்தில் டிரைவர் தலைக்கு மேலே கேசட் செட்டு இருந்தது. பிறகு சி.டி. வந்தது, பென் டிரைவ் வந்தது. இந்த மாற்றத்துக்குப் பெரிய காரணம் எம்.பி.3 என்ற சுருக்கும் முறை. சி.டி.யில் ஒரு வினாடிப் பாட்டுக்கு சுமார் 14 லட்சம் பிட் வேண்டும். ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தாரும் வேறு சிலரும் உருவாக்கி, 1993-இல் தரநிலையாக வெளிவந்த எம்.பி.3-க்கு 1,28,000 பிட் இருந்தாலே ஓரளவு நன்றாகக் கேட்கும். பலத்த ஓசை பக்கத்தில் உள்ள மெல்லிய ஓசையை மறைத்துவிடும்; காதுக்கு எட்டாத அந்தப் பகுதியைக் குறைத்துவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 60 நிமிடக் கேசட் ஒன்று சுமார் 58 மெகாபைட்டில் அடங்கும். 32 ஜி.பி. மெமரி கார்டில் 500 கேசட்டுக்கு மேல் வைக்கலாம்!

காரில் கணிப்பொறி வைத்துப் பாட்டுக் கேட்பது புது யோசனை அல்ல. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் 'எம்பெக்' என்ற சின்னக் கம்பெனி 1999-லேயே லினக்ஸில் ஓடும் ஒரு கார் செட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே மடிக்கணிப்பொறிக்கான ஹார்டு டிஸ்க். செட்டை அப்படியே உருவி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாட்டு ஏற்றிக்கொள்ளலாம். அதே கேம்பிரிட்ஜிலிருந்துதான் 2012-இல் 'ராஸ்பெர்ரி பை' என்ற, ஏறக்குறைய ஏ.டி.எம். கார்டு அளவே உள்ள கணிப்பொறி வந்தது. என் காரில் இருப்பது அதுதான்.

பாட வைப்பது ஒரு நாள் வேலை. நிறுத்துவதுதான் பெரிய வேலை. வயரிங் செய்து கொடுத்த தர்மபுரி ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் முதல் நாளே சொன்னார்: "தம்பி, சாவியை எடுத்தா செட்டு நிக்கணும். நிக்கலைன்னா காலைல வண்டியைத் தள்ளணும்!" அவர் சொன்னதில் ஒரு பாடமே இருக்கிறது. கணிப்பொறி சும்மா இருக்கும்போதே பேட்டரியிலிருந்து சுமார் கால் ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 6 ஆம்பியர்-மணி. சின்னக் காரின் பேட்டரி சுமார் 35 ஆம்பியர்-மணி. வண்டியை நான்கு நாள் நிறுத்தி வைத்தால் ஸ்டார்ட்டர் முனகும்.

அதற்காகச் சாவியோடு சேர்த்துக் கரண்டையும் வெட்டிவிடலாமா? கேசட் செட்டுக்கு அது சரி. கணிப்பொறிக்குச் சரிவராது. மெமரி கார்டில் எழுதிக் கொண்டிருக்கும் நொடியில் கரண்ட் போனால் கார்டு கெட்டுப்போகலாம். அடுத்த நாள் கணிப்பொறி எழுந்திருக்காது.

ஆகவே இரண்டு வயர் வேண்டும். ஒன்று பேட்டரியிலிருந்து எப்போதும் 12 வோல்ட். மற்றொன்று சாவியைத் திருப்பினால் மட்டும் வருவது. முதல் வயர் 5 வோல்ட்டாகக் குறைந்து கணிப்பொறிக்குச் சோறு போடும். இரண்டாவது வயர் சேதி சொல்லும். சாவியை எடுத்ததும் "கடையைக் கட்டு" என்று சேதி போகிறது. கணிப்பொறி எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு நிற்கிறது. முக்கால் நிமிடம் கழித்து ரிலே இணைப்பைத் துண்டிக்கிறது. வண்டியை ஸ்டார்ட் செய்யும்போதும் பல கார்களில் அந்த இரண்டாவது வயர் ஓரிரு நொடி செத்துப் பிழைக்கும். அதைப் பார்த்துக் கணிப்பொறி ஏமாறாமல் இருக்க, ஐந்து நொடி காத்திருக்கச் சொல்ல வேண்டும். இதற்கும் மேலே, பாட்டு இருக்கும் கார்டைப் படிக்க மட்டும், எழுத முடியாதபடி வைத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

செய்து பார்க்கும் தம்பிகளுக்கு மூன்று வார்த்தை. பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடுங்கள். அது காப்பாற்றுவது கணிப்பொறியை அல்ல, வயரை. வயர் எரிந்தால் காரே எரியும். ஆம்ப்ளிஃபயருக்கும் கணிப்பொறிக்கும் எர்த் ஒரே இடத்தில் கொடுங்கள். இல்லாவிட்டால் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கப் பாட்டோடு 'குய்ய்' என்று ஒரு சத்தமும் ஏறும். டிரைவர் கண்ணெதிரே திரை வைக்காதீர்கள். இரண்டு பட்டன் போதும். தொப்பூர் கணவாயில் இறங்கும்போது கண் ரோட்டில்தான் இருக்க வேண்டும்.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். பாட்டு மட்டும் போதும் என்றால் கடையில் வாங்குங்கள், தப்பே இல்லை. ஆனால் 2012-இல் மணிக்கணக்கில் மின்வெட்டு வந்தபோது படித்த நமக்கு, கரண்ட் என்பது எந்த நேரத்திலும் போகும் என்று தெரியும். நம் ஊருக்காக நீங்கள் செய்யப்போகும் கருவிகளும் அப்படித்தான் திடீரென்று அணையும். பால் சொசைட்டியில் எடை பதியும் நொடியில் கரண்ட் போனால், அழிவது ஒரு குடும்பத்தின் பால் கணக்கு. ஆகவே இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ப்ராஜெக்ட் ஓடுவதைக் காட்டுவதற்கு முன்னால், ஐம்பது தடவை பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். ஐம்பத்தோராவது தடவையும் எழுந்தால், தைரியமாகக் கொண்டு வாருங்கள்.