பழைய மட்டை வாங்கப் போன அம்மா

 

மும்பை தாராவியில் ஒரு தமிழ் அம்மா இருக்கிறார். காலையில் இட்டிலி விற்பார். அவருடைய மகனுக்கு 16 வயது. நன்றாகக் கிரிக்கெட் ஆடுவான். இவ்வளவு நாள் தெருவில் ரப்பர் பந்தில் ஆடினான். இப்போது ஒரு குழுவில் சேர்ந்திருக்கிறான். அங்கே தோல் பந்து. அதற்கு நல்ல மட்டை வேண்டும்.

நல்ல மட்டை என்றால் 'இங்கிலீஷ் வில்லோ' மரம். மீரட்டிலும் ஜலந்தரிலும் அதை மட்டையாகச் செய்கிறார்கள். புதிது வாங்க நிறையப் பணம் ஆகும். காஷ்மீர் வில்லோ மட்டை விலை குறைவு. ஆனால் அதில் பந்து அவ்வளவு வேகமாகப் போகாது. அம்மாவிடம் இருந்தது 6,000 ரூபாய். சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். அதனால் பழைய மட்டை பார்க்கப் போனார்கள்.

தோபி தலாவ் பக்கம் விளையாட்டுச் சாமான் கடைகள் நிறைய உண்டு. ஒரு கடையில் ஒரு மட்டை பளபளவென்று இருந்தது. புது ஸ்டிக்கர், புதுக் கைப்பிடி உறை. மகன் மயங்கிவிட்டான்.

"6,000 ரூபாய். இன்னொருவரும் கேட்டிருக்கிறார்" என்றார் கடைக்காரர். இப்படி அவசரப்படுத்தினால்தான் நிதானமாக நிற்க வேண்டும். அம்மா நின்றார்.

மகனிடம் ஒரு பழைய பந்து இருந்தது. அதை மட்டையில் மெல்லத் தட்டச் சொன்னார். நல்ல மட்டையில் பந்து துள்ளும். ஓசை கணீரென்று வரும். இதில் 'டொக்' என்றது. கைப்பிடி மட்டைக்குள் ஆப்பு போலச் செருகி ஒட்டப்பட்டிருக்கும். அதை அழுத்தி வளைத்தால் 'கிறீச்' என்று சத்தம் வரக்கூடாது. மட்டையின் அடிப்பக்கம் ஈரத்தில் ஊதியிருக்கக்கூடாது. முகப்பில் மெல்லிய கோடுகள் இருந்தால் பயமில்லை. பந்து பட்டால் கோடு விழத்தான் செய்யும். விரிசல் முன்னிருந்து பின்பக்கம் வரை போயிருந்தால்தான் ஆபத்து.

"ஏன் சேட், இந்த ஸ்டிக்கரை உரித்துப் பார்க்கலாமா?" என்று கேட்டார் அம்மா.

கடைக்காரருக்கு மனமில்லை. "சரி, ரசீதில் 'இங்கிலீஷ் வில்லோ, விரிசல் இல்லை' என்று எழுதிக் கொடுங்கள்" என்றார் அம்மா. கடைக்காரர் வெறும் 'மட்டை' என்றுதான் எழுதினார். மகன் அதை வாசித்துச் சொன்னான். அம்மா பணத்தை முடிந்துகொண்டு வெளியே வந்துவிட்டார். மகனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு வேறு கடைக்குப் போனார்கள். அங்கே ஒரு மட்டை அழுக்காக இருந்தது. முகமெல்லாம் சிவப்புப் பந்துத் தடம். விளிம்பில் நூல் சுற்றி ஒட்டியிருந்தது. அதைக் கடைக்காரரே காட்டினார். தட்டியபோது பந்து துள்ளியது. விலை 4,500 ரூபாய். கேட்டபடி ரசீதும் எழுதிக் கொடுத்தார். ரசீது இருந்தால், பின்னால் தகராறு வந்தாலும் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மைதானத்தில் முகம் தெரியாதவரிடம் வாங்கினால் யாரைப் போய்க் கேட்பது?

மீதி 1,500 ரூபாய் இருந்தது. மகன் அங்கிருந்த பழைய ஹெல்மெட்டைக் கையில் எடுத்தான். அம்மா அதைத் திரும்ப வைக்கச் சொன்னார். பந்து பட்ட ஹெல்மெட் உள்ளே பழுதாகியிருந்தாலும் வெளியே தெரியாது. ஹெல்மெட் மட்டும் புதிதாக வாங்கினார்கள்.