மயில் என்னும் பெயர்
(திருக்குட நன்னீராட்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இத்திருக்கோயிலுக்கு அன்பர் ஒருவர் வெள்ளிக் கவசமிட்ட மயிலூர்தி ஒன்று வழங்கியிருக்கின்றார். அதன் பீடத்தில் ‘மயில்வாகனம்’ என்று பொறிப்பதா, ‘மயூரவாகனம்’ என்று பொறிப்பதா என்று திருப்பணிக் குழுவினரிடையே ஒரு வழக்கு எழுந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பாராத அளவுக்கு அது முற்றிற்று என்றும் கேள்வியுற்றேன். ஆதலின் அப்பெயரைப் பற்றியே பேச எண்ணினேன்.

மயில், மஞ்ஞை, தோகை என நம் முன்னோர் இப்பறவையைப் பல பெயரால் அழைத்தனர். சிறகுடையவற்றின் ஆணைச் சேவல் எனலாம், மயில் ஒன்று நீங்கலாக என்று தொல்காப்பிய மரபியல் விதிக்கின்றது. தோகையால் பெண்மைச் சாயல் பெற்றமையின் ஆண்மயிலுக்கு அப்பெயர் ஏலாது என்பது உரைகாரர் கருத்து. சூரபன்மன் உடல் ஒன்றே சேவலும் மயிலுமாய்ப் பிளந்தது என்று கந்தபுராணம் கூறும். இலக்கணம் பிரித்து வைத்த இரண்டையும் இறைவன் கொடியாகவும் ஊர்தியாகவும் கொண்டருளினான்!

இனி, மயூரம். இச்சொல் இருக்கு வேதத்திலேயே வருகின்றது. பாலியில் ‘மோர’ என்றும் இந்தியில் ‘மோர்’ என்றும் திரிந்தது. கிர்நாரில் அசோகன் பொறித்த கல்வெட்டிலும், அரண்மனை மடைப்பள்ளிக்கு நாள்தோறும் இரண்டு மயில்கள் கொல்லப்படுவதைச் சொல்லுமிடத்து, அவ்வுருவே காணப்படுகின்றது. இது ‘மயில்’ என்னும் திராவிடச் சொல்லினின்று வடமொழி ஏற்றது என்பர் மொழிநூலார் பலர். முண்டா மொழிகளோடு சார்த்துவாரும் உளர்.

கடல் கடந்த கதை ஒன்றும் உண்டு. சாலமோன் மன்னனின் கப்பல்கள் பொன், வெள்ளி, தந்தம், குரங்கு இவற்றோடு ‘துக்கி’ என்பதையும் கொணர்ந்ததாக எபிரேய மறை கூறும். அது நம் ‘தோகை’யே என 1856-இல் கால்டுவெல் எழுதினார். இளமையில் யான் இதனை மேடைதோறும் முழங்கியதுண்டு. ஒருநாள் முதியவர் ஒருவர் எழுந்து, “ஐயா, இன்று எபிரேயர் துக்கி என்பது கிளியை அன்றோ?” என்றார். யான் விடையின்றி நின்றேன். பின்னர்ப் படித்தறிந்தேன்: அச்சொல் எகிப்தியச் சொல், குரங்கு வகையைக் குறிப்பது என்பாரும் இருக்கின்றனர். கால்டுவெல் கூற்று பொருந்தக்கூடியதே. எனினும் முடிந்த முடிபாகச் சொல்லுதல் தகாது. தமிழின் பெருமைக்கு ஐயத்திற்குரிய சான்று வேண்டுவதில்லை.

பெயர் பறவை மாறுவதும் புதிதன்று. இலத்தீனில் ‘பாவோ’ என்றால் மயில். அமெரிக்காவினின்று வான்கோழி வந்தபின் ஸ்பானியர் அப்பெயரை அதற்கே தந்துவிட்டு, மயிலை ‘அரச பாவோ’ என்றனர். மயிலுக்கு நேர்ந்த வழக்கில் வான்கோழி வென்றது போலும்!

நம் நாட்டிலோ வேறொரு விந்தை. அம்மை மயிலுருக் கொண்டு ஈசனைப் பூசித்த தலத்தைச் சம்பந்தரும் அப்பரும் மயிலாடுதுறை என்றே பாடினர். பிற்காலத்தில் அது மாயூரமாகி, மாயவரமும் ஆயிற்று. 1982-இல் மீண்டும் மயிலாடுதுறை என்னும் பெயர் பெற்றது. மொழிநூலார் கருத்து மெய்யாயின், வடக்கே சென்று மயூரமான நம் சொல்லே திரும்பிவந்து, தன் தாய்ச்சொல்லின் இடத்தில் சில நூற்றாண்டு அமர்ந்திருந்தது எனலாம்.

ஆதலின் குழுவினர் இரு சாராரும் ஒரு குடும்பத்துப் பெயரைக்கொண்டே பிணங்கினீர்கள். யான் கேட்கப்படின் தேவாரம் ஆண்ட ‘மயில்’ என்பதையே சொல்வேன். மற்றதனைப் பகை என்னேன். இதனைப் பொற்கொல்லரிடமும் நேற்றுச் சொன்னேன். அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, “எதைச் சொன்னாலும் ஏழெழுத்துத்தான் ஐயா, இடம் போதும், இன்று மாலைக்குள் சொல்லிவிடுங்கள்” என்றார்.