பள்ளியை விட்ட பிள்ளைகள்



ஆண்டு விழா மேடையில் தேர்வில் முதன்மை பெற்ற பிள்ளைகளுக்கு நாம் பரிசளிக்கின்றோம், கை தட்டுகின்றோம். அது செய்யத்தக்கதே. ஆனால் பள்ளிப் பதிவேட்டிலேயே பெயர் இல்லாமற் போன பிள்ளைகளும் நம்மிடையே உளர். அவர்களைப் பற்றி இந்த மேடையில் பேசுவார் இல்லை. இன்று அவர்களைப் பற்றியே சில சொல்ல விழைகின்றோம்.

தாப்போடிக்கும் பிம்ப்ரிக்கும் நடுவே, இருப்புப் பாதையை ஒட்டி அமைந்தது நம் கசார்வாடி. நாசிக் சாலையில் சற்றுத் தொலைவு சென்றால் போசரித் தொழிற்பேட்டை. இத்தொழிற்கூடங்கள்தாம் நம்மவருள் பலரை இங்கே அழைத்து வந்தன, சோறும் போட்டன. அவை தந்தையை மட்டும் அழைக்காமல், பதினைந்து வயது மகனையும் அழைக்கின்றன என்பதே நம் கவலை. பட்டறையில் நின்றால் மாதக் கடைசியில் கையில் பணம். பள்ளியில் அமர்ந்தால் செலவு. பதினான்கு வயதுக்குட்பட்டோரைக் கூலி வேலைக்கு வைப்பதையும், பதினெட்டுக்குட்பட்டோரை இடர் மிக்க தொழில்களில் ஈடுபடுத்துவதையும் 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தடுத்துள்ளது. சட்டம் பட்டறை வாயிலில் நிற்கலாம்; வீட்டு வாயிலில் நாம்தானே நிற்க வேண்டும்?

எந்த வகுப்பில் பிள்ளைகள் நழுவுகின்றனர்? 2021-22ஆம் ஆண்டில் நடுவண் அரசு எடுத்த பள்ளிக் கணக்கின்படி, நாடு முழுவதிலும் தொடக்க வகுப்புகளில் இடைநின்றோர் நூற்றுக்கு 1.5, நடுநிலை வகுப்புகளில் 3, உயர்நிலையிலோ 12.6! கல்வி உரிமைச் சட்டம் 2010 முதல் நடைமுறையில் உள்ளது. அது ஆறு முதல் பதினான்கு வயது வரைதான் பிள்ளையின் கையைப் பிடித்திருக்கிறது. எட்டாம் வகுப்பு முடிந்ததும் அந்தப் பிடி விட்டுவிடுகிறது. கணிதமும் அறிவியலும் கடுமையாவதும் அப்பொழுதே.

நம் வீடுகளுக்கு மட்டுமே உரிய காரணங்களும் உண்டு. ஊரில் ஏழாம் வகுப்பு வரை தமிழில் படித்த பிள்ளையை இங்கே கொண்டுவந்து மராத்தி வகுப்பிலோ ஆங்கில வகுப்பிலோ அமர்த்துகின்றோம். ஆறே மாதத்தில் அவன் தெருவில் மராத்தியைச் சரளமாகப் பேசுகிறான். அதைக் கேட்டு நாமும் மகிழ்ந்துவிடுகின்றோம். தெரு மராத்தி வேறு. வரலாற்றுப் பாடநூலின் மராத்தி வேறு. பேசத் தெரிந்தவனுக்குப் படிக்கத் தெரியவில்லை என்பதை ஆசிரியரும் அறிவதில்லை. தாயும் தந்தையும் அறிவதில்லை. அவனோ சொல்லுவதில்லை.

மற்றொன்று, சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கும். இங்கே பள்ளி திறப்பது ஜூன் நடுவில். ஆடி மாதத்துக் கோயில் கொடைக்கென ஊர் செல்லும் குடும்பங்கள் மூன்று வாரம், நான்கு வாரம் தங்கிவிடுகின்றன. புதுப் பாடங்களின் அடித்தளம் போடப்படும் நாள்கள் அவை. நாம் பிந்தி வந்தால் அம்மன் பொறுத்துக்கொள்வாள், அல்ஜீப்ரா பொறுப்பதில்லை. வீட்டில் கைக்குழந்தை இருந்தாலோ, மூத்த பெண்ணுக்குத் திங்கட்கிழமை தோறும் விடுப்புத்தான். எந்தப் பிள்ளையும் ஒரே நாளில் பள்ளியை விடுவதில்லை. முதலில் நாள்கள் விடுகின்றன. பின்னர்ப் பள்ளி விடுகிறது.

“காமராசர் என்ன படித்தார்?” என்று கேட்கும் தந்தையரைக் காண்கின்றோம். உண்மைதான், அவர் சிறுவயதிலேயே பள்ளியை விட்டவர். விட்டதன் இழப்பை அறிந்தவராதலின் அன்றோ, முதலமைச்சராய் இருந்தபோது 1956இல் பள்ளியில் மதிய உணவு ஈந்தார்!

விட்டவர் திரும்பி வர வழி இல்லையா? உண்டு, பலர் அறியாதிருக்கின்றனர். மகாராட்டிரத்தில் பத்தாம் வகுப்பில் தவறியோர்க்குச் சில மாதங்களிலேயே மறுதேர்வு நடைபெறுகிறது. ஒன்றிரண்டு பாடங்களில் மட்டும் தவறியோர், ‘ஏ.டி.கே.டி.’ என்னும் சலுகையால் பதினோராம் வகுப்பில் சேர்ந்துகொண்டே அவற்றை எழுதலாம். பள்ளியை அறவே விட்டவர் 17ஆம் எண் படிவம் நிரப்பித் தனித்தேர்வராகலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இன்னும் நெகிழ்வானது. பதினான்கு வயது நிறைந்தால் போதும். ஐந்து பாடங்களை ஐந்தாண்டுகளுக்குள், ஒன்பது வாய்ப்புகளில் எழுதலாம். தேறிய பாடம் தேறியதே. தமிழும் மராத்தியும் அங்கே பாடங்களாக உள்ளன. அதன் வட்டார அலுவலகம் ஒன்று புனேயிலேயே இருக்கிறது.

இந்தப் புனே மண்ணுக்கு இது புதிதுமன்று. பகலில் உழைப்போர்க்கென சோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் 1855இலேயே இரவுப் பள்ளி நடத்தினர். 1979 முதல் சித்ரா நாயக் அம்மையார், இந்தியக் கல்வி நிறுவனத்தின் வாயிலாக இம்மாவட்டத்துச் சிற்றூர்களில் மாலை வகுப்புகளை நடத்தினார். ஆடு மேய்த்தும் வீட்டு வேலை செய்தும் திரும்பிய சிறுவர் சிறுமியர் அவற்றில் படித்தனர். பிள்ளைக்கு ஓய்வு உள்ள நேரமே பள்ளி நேரம் என்றார் அவர். தேர்வையும் திருவிழாப் போல் நடத்தியதால் பிள்ளைகள் அஞ்சவில்லை. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யும் மாலைப் பொழுதில் அவரவர் தெருவிலேயே தன்னார்வலர் கற்பிக்கும் ஏற்பாடுதான்.

நம் சங்கமும் மாலையில் ஒரு மணி நேரம், ஓர் அறை, இரண்டு ஆசிரியர் என்று தொடங்க எண்ணுகின்றது. மராத்திப் பாடநூலை வாசிக்கக் கற்பிக்க, அண்டை வீட்டு மராத்தி அன்பர்களையும் வேண்டிக்கொள்வோம். வரும் பிள்ளையிடம் “ஏன் விட்டாய்?” என்று யாரும் கேட்கலாகாது. அந்த ஒரு கேள்விக்கு அஞ்சியே பல பிள்ளைகள் நம் விழாக்களுக்குக்கூட வருவதில்லை.

பெற்றோர் தம் பிள்ளையின் பெயரையும், கடைசியாகப் படித்த வகுப்பையும், மாற்றுச் சான்றிதழ் கையில் உள்ளதா என்பதையும் எழுதிச் செயலாளரிடம் தருமாறு வேண்டுகின்றோம். சான்றிதழ் இல்லையெனில் அதைப் பெற்றுத் தர உறுப்பினர் ஒருவர் உடன் வருவார். அப்பெயர்கள் எந்த மேடையிலும் படிக்கப்பட மாட்டா.