எங்கள் பாட்டியும் கோடை முகாம் சிநேகிதர்களும்

(சங்கத்தின் முதியோர் தின விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



'என் பாட்டி' என்ற தலைப்பில் ஐந்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். பாட்டியைப் பற்றி நமக்கு எல்லாம் தெரியும் என்றுதான் நினைக்கிறோம். கோத்திரம் தெரியும், திதி தெரியும், கைமணம் தெரியும். ஆனால் என் பாட்டியைப் பற்றிய முக்கியமான ஒரு சங்கதி எனக்கு வீட்டிலிருந்து கிடைக்கவில்லை. என் கோடை முகாம் சிநேகிதர்களிடமிருந்துதான் கிடைத்தது.

மாதுங்காவைப் பற்றி மும்பைவாசிகளான உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குமாஸ்தாவாகவும் ஸ்டெனோவாகவும் பம்பாய் வந்த நம்மவர்கள் குடியேறிய இடம். கோயில், 1932ல் தொடங்கிய சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி, காபிப்பொடிக் கடை, வாழை இலைக் கடை எல்லாம் கூப்பிடு தூரம். தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு பாட்டி அங்கே ஆயுசு முழுவதும் குறையில்லாமல் இருந்துவிடலாம். ஆனால் பேட்டையைத் தாண்ட துணை வேண்டும்.

காரணம், பஸ் நம்பர். அந்த நாளில் பெஸ்ட் பஸ்ஸின் முன்பக்கம் நம்பர் தேவநாகரியில் இருக்கும். இங்கிலீஷ் நம்பர் பக்கவாட்டில். அதைத் தேடிப் பார்ப்பதற்குள் பஸ் கிளம்பிவிடும். பாட்டிக்கு காலண்டரில் உள்ள எண்கள் தெரியும். ஆனால் மராத்தி ஒன்று, பார்க்க இங்கிலீஷ் ஒன்பது மாதிரி இருக்கும். நாலு, தலை திறந்த எட்டு மாதிரி இருக்கும். என்ன செய்வாள்?

1978 மே மாதம் எங்கள் பேட்டையில் மூன்று வாரம் கோடை முகாம் நடந்தது. முப்பது குழந்தைகள். காலையில் ஸ்லோகம், தமிழ் எழுத்து. பிறகு கேரம், நாடக ஒத்திகை. நம்மாத்துக் குழந்தைகள் மட்டுமல்ல, மாடி வீட்டு குஜராத்திப் பெண், அடுத்த பில்டிங் மராத்திப் பையன் எல்லோரும் உண்டு. இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் போட்டு ஒரு பெரிய அடுக்கு நிறைய நீர்மோர் கரைப்பது பாட்டியின் கைங்கரியம். "இன்னொரு டம்ளர் குடி, கொழந்தே" என்பாள். யார் வீட்டுக் குழந்தை என்று கேட்டதே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் அத்தை 1971ல் உடன் வேலை பார்த்த ஒரு மராத்திக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவள் பெயரையே வீட்டில் எடுக்கக் கூடாது என்று தாத்தா சொல்லிவிட்டார். அன்றைக்குப் பல வீடுகளில் நடந்ததுதான். பாட்டி எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

பாட்டி 1991ல் காலமானாள். 2019ல் முகாம் சிநேகிதர்கள் ஆறு பேர் மாதுங்காவில் ஒரு உடுப்பி ஹோட்டலில் கூடினோம். பேச்சு நீர்மோருக்கு வந்தது. அந்த குஜராத்திப் பெண், எங்கள் பில்டிங்கிலேயே தமிழ் கற்றுக்கொண்டவள், சொன்னாள்: "உன் பாட்டிக்கு செம்பூர் பஸ் நம்பர் படிக்கச் சொல்லிக் கொடுத்தது நாங்கதான், தெரியுமா?"

அவளும் அந்த மராத்திப் பையனும் மோர் அடுக்குக்குப் பின்னால் சிலேட்டில் ஒன்று முதல் ஒன்பது வரை எழுதிக் காட்டுவார்களாம். தினம் பரீட்சை. குருதட்சிணை, கூட ஒரு டம்ளர் மோர். முகாமின் கடைசி நாள் இருவரும் கிங்ஸ் சர்க்கிள் ஸ்டாப் வரை துணை போயிருக்கிறார்கள். தூரத்தில் வந்த பஸ்ஸின் நம்பரை பாட்டியே வாசித்துவிட்டு ஏறினாளாம். "ஆத்துல சொல்லாதீங்கோ" என்று கேட்டுக்கொண்டாளாம். நாற்பத்தொரு வருஷம் அவர்கள் சொல்லவில்லை.

அடுத்த வாரமே செம்பூர் போனேன். அத்தைக்கு அப்போது 74 வயது. "வியாழக்கிழமை மத்தியானம் அம்மா வருவா. ஒரு மணி நேரம் இருப்பா. என் பொண்ணு பொறந்தப்போ முதல்ல எண்ணெய் தேய்ச்சு குளிப்பாட்டினது அம்மாதான்" என்றாள். வடுமாங்காயும் கொண்டு போவாளாம். எங்கள் வீட்டில் அந்த ஜாடி சீக்கிரம் காலியாவதற்கு முகாம் பிள்ளைகள்தான் காரணம் என்று பேசிக்கொண்டிருந்தோம்!

அந்த வருஷம் தீபாவளிக்கு அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். நாற்பத்தெட்டு வருஷம் கழித்து.

பெரியோர்களே, பாட்டி தாத்தாக்களின் முழுக் கதையும் குடும்பத்திடம் மட்டும் இருப்பதில்லை. அவர்கள் கையால் வாங்கிச் சாப்பிட்ட மற்ற குழந்தைகளிடமும் கொஞ்சம் இருக்கிறது. அந்தக் குழந்தைகளுக்கும் இப்போது அறுபது வயது ஆகப்போகிறது. பழைய சிநேகிதர்களைப் பார்த்தால், "எங்க பாட்டியை ஞாபகம் இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

கமிட்டிக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த மே மாத முகாமுக்கு கேட்டரிங் ஆர்டர் கொடுக்க வேண்டாம். மோர் கரைக்க நம் பாட்டிகளையே கூப்பிடுங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாட்டி குழந்தைகளுக்கு என்ன சொல்லித் தருகிறாள் என்பதோடு, குழந்தைகள் பாட்டிக்கு என்ன சொல்லித் தருகிறார்கள் என்பதும் முக்கியம்.